பழைய பியட்டும் கிடைக்காத புஷ்ஷும்

எங்க ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவில் ஓடுகிற எந்த வண்டியைக் காட்டினாலும், "இதுல ஏதாவது ஒரு பார்ட் ஓசூர்ல செஞ்சதா இருக்கும்" என்று சொல்லிவிடுவோம். கொஞ்சம் ஓவர்தான். ஆனால் ரொம்பவும் தப்பில்லை. 1970களில் சிப்காட் வந்தது. 1980ல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்துதான் வெளியே வந்தது. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை தொடங்கியதும் அதே 1980ல்தான். ஷாக் அப்சர்பர் செய்கிற கேப்ரியல் கம்பெனிக்கும் இங்கே ஒரு ஆலை உண்டு. இவர்களுக்கு வேலை செய்து கொடுக்கிற சின்னச் சின்ன லேத் பட்டறைகளை எண்ணினால் விரல் போதாது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய பியட் காருக்கு நாலு ரப்பர் புஷ், ரெண்டு ஷாக், ஒரு டை ராட் எண்ட் தேடி நான் மூணு மாசம் அலைந்தேன் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். அந்தக் கதைதான் இது. மெக்கானிக்கல் மக்களுக்குக் கொஞ்சம் கணக்கும் உண்டு. மற்றவர்கள் பயப்பட வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும் :-)

வண்டி தாத்தாவுடையது. 1989ல் வாங்கிய பிரீமியர் பத்மினி. எங்கள் வீட்டில் யாரும் பத்மினி என்று சொல்வதில்லை, எல்லோருக்கும் அது "பியட்"தான். தாத்தா இப்போது ஓட்டுவதில்லை. அப்பா ஓட்டுகிறார். பாட்டியின் ஊர் அஞ்செட்டிப் பக்கம். மாசம் ஒருமுறை பாட்டியை அங்கே கூட்டிக்கொண்டு போவது இந்த வண்டியில்தான். தேன்கனிக்கோட்டை தாண்டினால் மலைப்பாதை. வளைவுகள் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும்.

2024ல் ரெண்டு விஷயம் ஒன்றாக வந்தது. ஒன்று, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய வருஷம். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம். அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆகியிருந்தது (2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10000 ஆக்கிவிட்டார்கள், அது தனி சோகம்). இன்னொன்று, வண்டியின் பின்பக்கம் இடதுபுறம் தொங்க ஆரம்பித்திருந்தது. முன்பக்கம் குழியில் இறங்கினால் "டொக்" என்று ஒரு சத்தம். ஸ்டியரிங்கில் நாலு விரல் அளவுக்கு ஆட்டம்.

அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். "பார்ட்ஸ் கெடச்சா பாரு. இல்லன்னா எடைக்குப் போட்டுடலாம். அம்மாவை வச்சுக்கிட்டு மலை ஏறணும்டா, விளையாட்டு இல்ல."

தாத்தா ஒண்ணும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயந்திரம் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் வண்டியின் பேனட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது?

ஏன் கிடைக்கவில்லை?

முதலில் இந்த வண்டியின் பூர்வீகம். இத்தாலியில் 1953ல் வந்த பியட் 1100 தான் இதன் மூதாதை. பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், 1964ல் இருந்து இந்த உருவத்தில் செய்தார்கள். 1974ல் பத்மினி என்று பெயர் வந்தது. 2000 வாக்கில் உற்பத்தி நின்றது. 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங் பக்கத்தில் கியர். முன்னால் ரெண்டு பக்கமும் தனித்தனியாக விஷ்போன், காயில் ஸ்பிரிங். பின்னால் ஒரே ஆக்சில், அதைத் தாங்க ரெண்டு பட்டா ஸ்பிரிங், ரெண்டு டெலஸ்கோப்பிக் ஷாக்.

கம்பெனி நின்ற பிறகும் இத்தனை வருஷம் பாகங்கள் கிடைத்ததற்குக் காரணம் பம்பாய் டாக்சிகள். கறுப்பு மஞ்சள் பத்மினிகள் தினமும் ஓடித் தேய்ந்துகொண்டே இருந்தன. தேய்கிற வண்டி இருக்கிறவரைக்கும் யாராவது ஒருத்தர் புஷ் செய்துகொண்டு இருப்பார். மும்பையில் டாக்சிக்கு 20 வருஷம்தான் ஆயுள். கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது. 2023 அக்டோபர் 30 முதல் அதுவும் ரோட்டில் இல்லை. பேப்பரில் எல்லாம் கண்ணீர்க் கட்டுரை வந்தது. அதைப் படித்தபோது எனக்கு நகரத்தின் அழகு பற்றி எல்லாம் தோன்றவில்லை. "அடுத்த வருஷம் புஷ்ஷுக்கு எங்கே போவது" என்றுதான் தோன்றியது.

சென்னைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் என்று ஒரு கம்பெனி இருந்தது. ஹெரால்டு, கசல் கார்கள் எல்லாம் அவர்களுடையது. கடைசியாக 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டு வந்தார்கள். இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 தான் அது, நம்ம ரோட்டுக்காகச் சஸ்பென்ஷனை உயர்த்தி இருந்தார்கள். 1988ல் உற்பத்தி நின்றது. பல வருஷம் பூட்டிக் கிடந்த ஆலை 2006ல் ஏலத்துக்கு வந்தபோது, உள்ளே மிச்சமிருந்த ரோவர் பாகங்களை வாங்கிக்கொண்டு போனது யார் தெரியுமா? ரிம்மர் பிரதர்ஸ் என்கிற இங்கிலாந்துக் கம்பெனி. அங்கே அந்தக் காரை ஆசையாக வைத்திருக்கிறவர்களுக்கு விற்க. நம்ம ஊர் ஷெல்பில் தூசி படிந்த பாகத்துக்கு அங்கே மதிப்பு இருந்தது.

சிப்காட்டில் செய்யலாமே?

எல்லோரும் கேட்கிற கேள்வி. "ஊர் முழுக்க பேக்டரி, யார்கிட்டயாவது சொல்லி நாலு பீஸ் போட்டு வாங்கலாமே?"

முடியாது. ஒரு வண்டிக் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கிற ஆலையில் வரைபடம் வாடிக்கையாளருடையது, பெரும்பாலும் அச்சும் அவர்களுடையது. ரப்பர் புஷ் என்றால் அதற்கு ஒரு இரும்பு அச்சு வெட்ட வேண்டும். அச்சின் விலை ஆயிரக்கணக்கான புஷ்ஷில் பரவினால்தான் ஒரு புஷ் சில பத்து ரூபாய்க்கு வரும். நாலே நாலு புஷ்ஷுக்கு அச்சு வெட்டினால், அந்தப் புஷ்ஷைத் தங்கப் பெட்டியில் வைத்துத்தான் பூட்ட வேண்டும்.

ஆனால் ஆலைகளால் ஊருக்கு வேறு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்து வெளியே வந்த ஆட்கள். சிட்கோ எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறை. அதை நடத்துகிறவர் ஒரு பெரிய கம்பெனியில் டர்னராக இருந்தவர். முதல் நாள் பழைய புஷ்ஷை அவர் கையில் கொடுத்தபோது, வெர்னியரை எடுக்கும் முன்னே கேட்டார்.

"தம்பி, இது எந்த எடத்துல உக்காருது? சுத்துமா, ஆடுமா, இல்ல சும்மா தாங்குமா?"

எனக்கு அந்த ஒரு கேள்வி, ஒரு செமஸ்டர் மெஷின் டிசைனுக்குச் சமம். அளவு என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டவர் இவர் ஒருத்தர்தான். மாற்று பாகம் தேடுவதில் இருக்கிற மொத்த விஷயமும் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு பாகம் *பொருந்துவது* வேறு, வண்டியோடு *ஒத்துப்போவது* வேறு.

காருக்கும் ஜாதகம் உண்டு

பழைய காருக்குப் பார்ட்ஸ் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் வம்சாவளி. அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 3 வழி வந்தது. 1984ல் வந்த கான்டெஸா, வாக்ஸ்ஹால் விக்டர் வழி. பிரீமியர் 118 என்இ, பியட் 124 வழி. ரஷ்யாவின் லாடாவும் அதே குடும்பம். தேவூ சியலோ, ஓப்பல் கடெட் வழி. தேவூ மாட்டிஸின் அடுத்த தலைமுறைதான் 2007ல் இங்கே செவர்லே ஸ்பார்க் என்று வந்தது. கம்பெனி மூடினாலும் சொந்தக்காரன் எங்காவது உயிரோடு இருந்தால், பாகம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஆனால் ஜாதகத்தை மட்டும் நம்பக்கூடாது. அதே ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பாருங்கள். அதன் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், குறுக்காக ஒரே ஒரு பட்டா ஸ்பிரிங். நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கும் ஓட்டுகிறவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. அதனால் 1972ல் கசல் வந்தபோது பின்பக்கத்தைச் சாதாரண ஒரே ஆக்சிலாக மாற்றிவிட்டார்கள். இன்ஜின் அதே குடும்பம், பின்பக்கம் வேறு குடும்பம்! ஹெரால்டு பாகம் கசலுக்கு வரும் என்று நம்பிப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது எங்களுக்கு ஒரு வசதி. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அப்படியே போனால் பெங்களூர் ஜே.சி. ரோடு. சுமார் 40 கிலோமீட்டர். சென்னைக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் எப்படியோ, பெங்களூருக்கு ஜே.சி. ரோடு அப்படி. ஒரே கடையில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் கேட்கலாம். 'புஷ்' என்கிற வார்த்தை மட்டும் எல்லா மொழியிலும் புஷ்தான்.

பட்டா: ஒண்ணு சேர்த்தா போதுமா?

பின்பக்கம் தொங்குவதற்கு நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறை ஒன்றில் உடனே வைத்தியம் சொன்னார்கள். "ஒரு பட்டா எக்ஸ்ட்ரா சேர்த்துடலாம் தம்பி. பிக்கப் வண்டிப் பட்டா இருக்கு. வெட்டி வச்சுட்டா யானை ஏறினாலும் தொங்காது."

கிருஷ்ணகிரி, ஓசூர் நெடுஞ்சாலைகளில் லாரிகளுக்குத் தினமும் பட்டா மாற்றுகிறவர்கள் அவர்கள். கை சுத்தம். ஆனால் லாரிக்கும் காருக்கும் கணக்கு வேறு.

ஒரு பட்டாவின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். தடிமனுக்கோ மூன்றாம் அடுக்கில் கூடும். 6 மில்லிமீட்டர் பட்டாவுக்குப் பதில் 7 மில்லிமீட்டர் வைத்தால், ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 7ஐ 6ஆல் வகுத்து மூன்று முறை பெருக்குங்கள். 1.59 வரும். அதாவது அந்தப் பட்டா 59 சதவீதம் விறைப்பு. அதே தடிமனில் ஒன்றைச் சேர்த்தால்கூட, ஐந்து பட்டா ஆறாகும்போது சுமார் 20 சதவீதம் கூடும்.

கூடினால் என்ன? வண்டி காலியாகப் போகும்போது பின்சக்கரம் குழியில் இறங்காமல் குதிக்கும். பின்பக்கம் தூக்கிக்கொண்டு ஹெட்லைட் தரையைப் பார்க்கும். முக்கியமான ஆபத்து வேறு. பின்பக்கம் மட்டும் விறைத்தால், ஈரமான வளைவில் பின்சக்கரம் முதலில் வழுக்கும். அஞ்செட்டி மலைப்பாதையில் மழை நாளில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

காயில் ஸ்பிரிங்கிலும் இதே கதை. கம்பியின் விட்டம் நான்காம் அடுக்கில் வேலை செய்யும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 என்றால் 38 சதவீதம் விறைப்பு. ஸ்டைலுக்காக ஒரு சுற்றை வெட்டிவிடுகிறார்களே, ஏழு சுற்றில் ஒன்றை வெட்டினால் வண்டி தாழ்வதோடு ஸ்பிரிங்கும் 17 சதவீதம் விறைக்கும்.

எங்களுக்கு வேண்டியது அதிக பலம் இல்லை, பழைய வளைவு. பட்டாக்களைக் கழற்றி, சூடாக்கி, பழைய வளைவுக்குக் கொண்டு வந்து, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமான சூட்டில் பதம் செய்ய வேண்டும். கடைசி வேலையை விட்டுவிட்டால் எஃகு கண்ணாடி மாதிரி உடையும். எண்ணெயில் முக்குவதையே விட்டுவிட்டால் மறுபடி தொங்கிவிடும். மூணு பட்டறை விசாரித்து, பதம் செய்கிற அடுப்பு வைத்திருக்கிற ஒரு இடத்தைப் பிடித்தோம். தொங்கியது இடதுபக்கம் மட்டும்தான். ஆனாலும் ரெண்டு பக்கமும் சேர்த்தே செய்தோம். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி நேராக நிற்காது.

ஷாக்: கண்ணால் பார்த்து வாங்காதீர்கள்

ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் பத்மினி ஷாக் கேட்டேன். பெட்டி இல்லாமல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்கள். "சேம் சார், கண்ணை மூடிட்டு போடுங்க." ரெண்டு முனையிலும் வளையம் அதே அளவு. போல்ட் நுழையும். பொருந்தும். நான் டேப்பை எடுத்து அளந்தேன். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஷாக்குக்கு ரெண்டு நீளம் முக்கியம். முழுக்க அமுங்கியபோது எவ்வளவு, முழுக்க இழுத்தபோது எவ்வளவு. போகும் முன்பே இதை வண்டியில் அளந்து எழுதி வைத்திருந்தேன். ஆக்சில் மேலே வந்து ரப்பர் ஸ்டாப்பரைத் தொடும் நிலையில், ஷாக் மாட்டுகிற ரெண்டு இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் ஒன்று. வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது உள்ள தூரம் இன்னொன்று. புது ஷாக்கின் அமுங்கிய நீளம் முதல் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும், பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்து. இழுத்த நீளம் ரெண்டாவது அளவைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

இல்லாவிட்டால்? பெரிய குழியில் ரப்பர் ஸ்டாப்பர் வாங்க வேண்டிய அடியை ஷாக் வாங்கும். ஷாக் உடையும், இல்லை அது மாட்டியிருக்கிற தகடு கிழியும். 35 வருஷத் தகடு, துருவோடு. அந்தக் கடையில் காட்டிய ஷாக் அமுங்கிய நிலையிலேயே நீளமாக இருந்தது. அதாவது பொருந்தும், ஒரே மாசத்தில் வண்டியைக் கிழிக்கும்.

நீளம் சரி என்றாலும் இன்னொன்று இருக்கிறது. ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. எவ்வளவு அடக்க வேண்டும் என்பது ஸ்பிரிங்கின் விறைப்பையும் மேலே இருக்கிற எடையையும் பொறுத்தது. இழுக்கும்போது தருகிற எதிர்ப்பு, அமுக்கும்போது தருவதைவிட வழக்கமாக அதிகம். கனமான ஜீப்பின் ஷாக்கை லேசான காரில் போட்டால், ஸ்பிரிங் திரும்பி எழுவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். நாலு குழியில் வண்டி படுத்துவிடும். அதனால் ஏறக்குறைய அதே எடை, பின்னால் அதே மாதிரி பட்டா ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் இருந்துதான் தேட ஆரம்பிக்க வேண்டும். மாருதி ஆம்னி மாதிரி. 2019 வரை செய்தார்கள், பாகம் தாராளமாகக் கிடைக்கும்.

கடைசியில் எந்த வண்டியின் ஷாக் அமைந்தது என்று பலர் கேட்டுவிட்டார்கள். வேண்டுமென்றே பெயர் சொல்லவில்லை. சொன்னால் அளக்காமல் வாங்கிவிடுவார்கள். எங்கள் வண்டியின் பட்டாவே இப்போது தனி ரகம். உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று உங்கள் டேப்புக்குத்தான் தெரியும்.

புஷ்: இறுக்குவதிலும் ஒரு நேரம் உண்டு

நாலு புஷ் கதைக்கு வருவோம். உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்புக் குழாய், நடுவே ரெண்டோடும் ஒட்டிய ரப்பர். சைலன்ட் புஷ் என்பார்கள். கை மேலும் கீழும் ஆடும்போது எதுவும் உரசுவதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது.

சிலர் நைலானில் கடைந்து போடச் சொன்னார்கள். தேயாது, நிஜம்தான். ஆனால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் அப்படியே பாடிக்குப் போகும். டர்னர் அண்ணன் வேறு வழி சொன்னார். இன்றைக்கு உற்பத்தியில் இருக்கிற ஏதோ ஒரு புஷ்ஷில், ரப்பரின் கனமும் கடினமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. வெளி விட்டத்துக்கும் உள் துளைக்கும் இடைவெளி இருந்தால் அதற்கு மட்டும் எஃகில் ஸ்லீவ் கடைவது. ரப்பரை ஆலை செய்யட்டும், இரும்பை நாம் செய்வோம். நாலு ஸ்லீவுக்கு ரெண்டு நாள் ஆனது. பிரஸ்ஸில் வைத்து அழுத்தியபோது கேட்ட அந்த "கிர்ர்ர்" சத்தம்... அடடா!

இங்கே ஒரு விஷயம், பல பட்டறைகளில் கவனிப்பதில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கிவைத்துச் சக்கரம் தொங்கும்போது புஷ் போல்டை இறுக்கக்கூடாது. அப்போது இறுக்கினால் ரப்பருக்கு அதுதான் இயல்பு நிலை. வண்டியைக் கீழே இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், நின்றுகொண்டிருக்கும்போதே முறுக்கிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் கிழிந்துவிடும். போல்டைத் தளர்வாக மாட்டி, சக்கரத்தைத் தரையில் வைத்து, ரெண்டு முறை ஆட்டிவிட்டு, பிறகு இறுக்க வேண்டும். காசு செலவில்லாத வேலை.

இதில் மட்டும் சமரசம் கிடையாது

கடைசியாக மிச்சம் இருந்தது அந்த டை ராட் எண்ட். ஸ்டியரிங்கில் இருந்து வருகிற தண்டு, சக்கரத்தைத் திருப்புகிற கையோடு சேருகிற இடம். ஒரு உருண்டை, அதைப் பிடித்திருக்கிற ஒரு கிண்ணம். அந்த ஆட்டம் இங்கிருந்துதான் வந்தது.

இங்கேதான் வீட்டில் சண்டையே வந்தது. பட்டா ஆகிவிட்டது, ஷாக் ஆகிவிட்டது, புஷ் ஆகிவிட்டது, வண்டி ராஜா மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. மாமா பெண் கல்யாணம் அஞ்செட்டியில், பத்து நாளில். ஒரு பட்டறையில், பழைய எண்டையே வெட்டி, உள்ளே வாஷர் வைத்து, வெல்டிங் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். 300 ரூபாய். "எத்தனையோ வண்டிக்குப் பண்ணியிருக்கோம்." இன்னொருவர் வேறு காரின் எண்டைக் காட்டினார், "லைட்டா ரீமர் போட்டா உக்காந்துடும்."

அப்பாவுக்குச் சம்மதம். நான் மாட்டேன் என்றேன்.

காரணம் இதுதான். அந்த உருண்டையும் அதன் தண்டும் அடித்து உருவாக்கிப் பதம் செய்த எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பக்கத்தில் எங்காவது எஃகு கடினமாகி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடலாம். அடுத்தது டேப்பர். தண்டு கூம்பு வடிவில் இருக்கும், அதே கோணத்தில் உள்ள துளையில் முழுதும் ஒட்டி உட்கார வேண்டும். கோணம் கொஞ்சம் மாறினாலும் ஒரு வளையம் மாதிரி ஒரே இடத்தில்தான் தொடும், மொத்தச் சுமையும் அங்கேயே விழும். நட்டை இறுக்கினால் இறுகின மாதிரிதான் இருக்கும். பொருந்தும்! ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து ஒரு நாள் உடையும்.

புஷ் போனால் சத்தம் வரும். ஷாக் போனால் வண்டி ஆடும். பட்டா போனால் தொங்கும். எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகும். டை ராட் எண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும், ஸ்டியரிங் கையில் சும்மா இருக்கும். முன்னறிவிப்பு கிடையாது.

வீட்டில் பேச்சு வாங்கினேன். "படிச்சுட்டா எல்லாம் தெரியுமா?" என்றார் அப்பா. அப்போது தாத்தா முதல் முறையாக வாயைத் திறந்தார். "அவன் சொல்றான்ல. வண்டி நிக்கட்டும். கல்யாணத்துக்கு பஸ்ல போலாம்."

கல்யாணத்துக்கு பஸ்ஸில் போனோம். வண்டி ஆறு வாரம் நின்றது. ஜே.சி. ரோட்டுக்கு மூன்றாவது முறை போனபோது, ஒரு பழைய கடையின் பரணில், எண்ணெய்க் காகிதம் சுற்றிய டை ராட் எண்ட் ஒரு ஜோடி கிடைத்தது. கடை பாய் தூசியை ஊதிவிட்டு, "இதுதான் லாஸ்ட் பீஸ் பேட்டா, இதுக்கப்புறம் என்கிட்ட வராதே" என்றார். வீட்டுக்குக் கொண்டு வந்து, தண்டில் நீல மை தடவித் துளையில் உட்காரவைத்துப் பார்த்தோம். மை முழுக்கச் சமமாக ஒட்டியது. அதன் பிறகுதான் நட்டை இறுக்கினோம். வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டு போனோம். ஆய்வாளர் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். 2029 வரைக்கும் கவலையில்லை.

அளவு எழுதின நோட்டு

அப்பாவுக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. அடுத்த முறை டை ராட் எண்ட் போனால் என்ன செய்வாய்? நியாயமான கேள்வி. உண்மையான பதில்: சரியான டேப்பரில் கிடைத்தால் போடுவோம், கிடைக்காவிட்டால் வண்டி நிற்கும். அன்றைக்கு எடைக்குப் போடலாம் என்று அப்பா சொன்னால் மறுக்கமாட்டேன்.

அதுவரைக்கும் செய்ய முடிந்தது ஒன்று. தாத்தாவின் பழைய பால் கணக்கு நோட்டில், பின்பக்கமிருந்து, எல்லா அளவையும் எழுதிவைத்திருக்கிறேன். பட்டாவின் அகலம், தடிமன், வளைவு, ஷாக்கின் ரெண்டு நீளம், புஷ்ஷின் உள், வெளி விட்டம், ஸ்லீவின் படம், டேப்பரின் ரெண்டு முனை அளவு. இதில் பாதி டர்னர் அண்ணன் மண்டையில் மட்டும்தான் இருந்தது. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. பட்டறையில் வேலை கற்றுக்கொள்ள ஆள் வருவதில்லை என்று சொன்னார்.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் காலம். ஏத்தர் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளியில். அவற்றிலும் ஷாக் உண்டு, புஷ் உண்டு, அதையெல்லாம் அளந்துவிடலாம். ஆனால் இருபது வருஷம் கழித்து அதன் கன்ட்ரோலர் போனால், எந்த லேத்தில் கடைவது? பழுது பார்க்கும் உரிமை பற்றி யோசிக்க மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது, அந்த வருஷக் கடைசியில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். அதில் வாகனத் துறையும் உண்டு. நல்ல விஷயம். ஆனால் உரிமை இருந்தால் மட்டும் போதாது, அளவும் வேண்டும், அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று கேட்கிற ஆளும் வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு அம்பாசடரோ, பழைய மாருதியோ, தேவூவோ நின்றுகொண்டிருந்தால், பாகம் நன்றாக இருக்கும்போதே அளந்து எழுதிவையுங்கள். தேய்ந்த பிறகு அளந்தால் தேய்மானத்தைத்தான் அளப்பீர்கள். பத்மினி வைத்திருக்கிறவர்களுக்கு என் நோட்டின் பக்கங்களைத் தருகிறேன், கேளுங்கள். ஷாக் எந்த வண்டியுடையது என்று மட்டும் கேட்காதீர்கள் :-)